கேரவன் இருக்கை உறுத்துகிறதா? மெத்தை வாங்கும் முன் பலகையைப் பாருங்கள்

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது அதையல்ல. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீட்டை. அதற்குள் இருக்கிற இருக்கைக்கு ஓய்வு என்பதே கிடையாது. காலையில் சாப்பாட்டு நாற்காலி, மத்தியானம் சோபா, ராத்திரி கட்டில். வீட்டில் மூன்று சாமான்கள் பங்கு போட்டுக்கொள்கிற வேலையை இங்கே ஒரே மெத்தை பார்க்கிறது. அது சீக்கிரம் தளர்ந்து போவதில் ஆச்சரியமில்லை.

எங்கள் வண்டி இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. முதல் பயணத்திலேயே வலப்பக்க இருக்கையில் உட்கார முடியவில்லை. யோசிக்காமல் 5 செ.மீ. கனத்தில் ஒரு டாப்பர், அதாவது மெத்தைமேல் விரிக்கிற மெல்லிய மெத்தை, வாங்கி மேலே போட்டேன். இருக்கை உயர்ந்தது, மேசை தொடையில் இடித்தது, குழி மட்டும் குழியாகவே இருந்தது. பிறகு ஒருநாள் அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து தண்ணீர்க் குழாயை எடுக்கப் போய் மெத்தையைத் தூக்கினேன். விரல் விட்டுத் திறப்பதற்காக ப்ளைவுட் மூடியில் ஒரு ஓட்டை இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. மெத்தைமேல் தப்பே இல்லை. ஒரு மரச்சட்டமும் எட்டு ஸ்க்ரூவும் செய்கிற வேலைக்கு நான் மெத்தைக் காசு கொடுத்திருந்தேன்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும், கடைக்குப் போகும் முன் கீழே சொல்கிற சோதனையைச் செய்துவிடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

முதலில் இதைச் செய்யுங்கள்

நீங்கள் உட்காருவது நான்கு அடுக்கின் மேல்: அடியில் பலகை அல்லது மரப்பட்டிகள், அதன்மேல் ஃபோம், ஃபோமைச் சுற்றிய பாலியஸ்டர் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே உறை. எந்த அடுக்கு கைவிட்டது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மெத்தையை எடுத்துவிட்டு, வெறும் பலகைமேல் உட்காருங்கள். பலகை வளைகிறதா, முனகுகிறதா, ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறதா? அப்படியென்றால் மெத்தையை மறந்துவிட்டுப் பலகையைச் சரிசெய்யுங்கள்.

பலகை உறுதியாக இருந்தால் மெத்தையைத் திரும்ப வைத்து, குறுக்கே ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டைக்கும் குழிக்கும் நடுவே அளவுகோலை விட்டுப் பாருங்கள். பிறகு மூலையில் இருக்கும் மெத்தையின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். ‘எல்’ வடிவ இருக்கையில் மூலையில் யாரும் உட்காருவதில்லை. வண்டி புதிதாக இருந்தபோது ஃபோம் எவ்வளவு கனம், எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அந்த மூலைதான் சாட்சி. மூலையை ஒரு கையாலும் வழக்கமாக உட்காரும் இடத்தை மறு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தால் அளவுகோல்கூட வேண்டாம், கைக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்து நிர்வாணமாகப் பாருங்கள். உறைக்குள் இருக்கும்வரை மெத்தை நிறைய பொய் சொல்லும்.

“உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பலகை தட்டுகிறது”

அதிகம் கேட்கிற புகார் இதுதான். உட்கார்ந்தவுடன் மெத்தென்று இருக்கும். கால் மணி நேரத்தில் இடுப்பெலும்பு பலகையில் போய் நிற்கும்.

ஃபோம் என்பது லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள் சேர்ந்தது. அந்த அறைகளின் மெல்லிய தூண்கள் அழுத்தும்போது வளைந்து, எழுந்ததும் நிமிர வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உட்காரும்போது தூண்கள் ஒவ்வொன்றாக நிமிர மறுக்கின்றன. சூடும் ஈரப்பதமும் இதை வேகப்படுத்தும். வெயிலில் பூட்டிக் கிடக்கிற கேரவனுக்குள் இரண்டுமே தாராளம்.

கட்டையை வைத்து அளந்ததில் குழி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஃபோமை மாற்ற வேண்டியதில்லை. மெத்தைகளை இடம் மாற்றுங்கள். இடப்பக்கத்தது வலப்பக்கம் பொருந்துமா, முன்பின் திருப்பலாமா என்று பாருங்கள். நிறைய வண்டிகளில் இரண்டு நீள இருக்கைகளும் எதிரெதிரே ஒரே அளவில் இருக்கும். ஒன்றில்தான் எல்லோரும் உட்காருவார்கள், மற்றது பை வைக்கிற இடமாகவே காலம் தள்ளியிருக்கும்.

குழி 1 முதல் 2 செ.மீ. என்றால், பழைய ஃபோமுக்கு அடியில் 2 செ.மீ. கனமுள்ள ரீபாண்டட் ஃபோம் ஒரு தகடு வைத்துப் பார்க்கலாம். வெட்டுத்துண்டு ஃபோம்களை அரைத்து அழுத்திச் செய்த, பல நிறப் புள்ளிகளோடு இருக்கிற கெட்டியான ஃபோம் அது. மேலே வைக்காதீர்கள், பலகையில் உட்கார்ந்ததுபோலவே இருக்கும். அடியில் வைத்தால், மேலே உள்ளது முழுதாக அமுங்கிய பிறகு கடைசியாகத் தாங்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஒரு பருவம் ஓட்ட இது போதும்.

2 செ.மீ.க்கு மேல் குழி, அல்லது அழுத்திவிட்டுக் கையை எடுத்த பின்னும் கைத்தடம் அப்படியே நிற்கிறது என்றால் ஃபோமை மாற்றுவதுதான் வழி. இந்த எல்லைகளெல்லாம் என் அனுபவக் கணக்கு. உடல் கனம் கூடியவருக்கு இன்னும் முன்னதாகவே தேவைப்படும்.

புது ஃபோம் வாங்கும்போது

கடையில் “நல்ல கெட்டி ஃபோம் கொடுங்கள்” என்று கேட்டால் ஏமாந்து போவோம். ஃபோமுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று அடர்த்தி, ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. இன்னொன்று இறுக்கம், நியூட்டன் கணக்கில். ஒரு துண்டை அதன் கனத்தில் 40 சதவீதம் உள்ளே போகும்வரை வட்டத் தட்டால் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பார்கள். அதாவது 10 செ.மீ. ஃபோமை 6 செ.மீ. ஆக்க வேண்டிய விசை. இறுக்கம் இன்று எப்படி இருக்கும் என்று சொல்லும். அடர்த்தி எத்தனை வருஷம் அப்படி இருக்கும் என்று சொல்லும். கடையில் கையால் அழுத்திப் பார்த்தால் இறுக்கம் மட்டும்தான் தெரியும். அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்துவிட முடியும். கொஞ்ச நாள் கல் மாதிரி இருந்துவிட்டுச் சட்டென்று தொங்கிவிடும்.

தினமும் உட்கார்ந்து படுக்கிற இருக்கைக்கு அடர்த்தி 35-க்குக் குறையாமல் கேளுங்கள். இறுக்கம் 150 முதல் 200 நியூட்டனுக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். சாய்கிற மெத்தைக்கு 100-ஐ ஒட்டி இருந்தால் போதும். ‘ஹெச்.ஆர்.’ என்று ஒரு வகை கிடைக்கும், அமுக்கினால் உடனே துள்ளி எழுகிற ஃபோம். விலை கூடுதல்தான், ஆனால் நீங்கள் உட்காரும் அந்த ஒரு இருக்கைக்கு மட்டுமாவது அதைப் போடுங்கள். ஆறு மெத்தையையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எடையையும் மறக்கக் கூடாது. வீட்டு சோபாவுக்கு இல்லாத கவலை இது. 180 செ.மீ. நீளம், 65 செ.மீ. அகலம், 12 செ.மீ. கனம் உள்ள ஒரு மெத்தை, 35 அடர்த்தியில் ஏறக்குறைய 5 கிலோ. அதே அளவு 70 அடர்த்தி லேடெக்ஸில் (ரப்பர் ஃபோம்) 10 கிலோ. முழுக்க 100 அடர்த்தி ரீபாண்டட் என்றால் 14 கிலோ. இரண்டு இருக்கைக்கு 18 கிலோ கூடுகிறது. அந்த 18 கிலோவை வண்டி ஏற்றக்கூடிய சுமையில்தான் கழிக்க வேண்டும். இருக்கைகள் வண்டியின் முன்பக்கம் இருந்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கு காரின் கொக்கிமேலும் இறங்கும்.

தீத்தடுப்பு ஃபோம்தானா என்பதையும் கேளுங்கள். ஒரே வாசல், உள்ளேயே அடுப்பு, கைநீட்டும் தூரத்தில் திரைச்சீலை. இப்படிப்பட்ட இடத்தில் சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப்புகை அறையை நிரப்ப அதிக நேரம் எடுக்காது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் அறைகலன் தீப்பாதுகாப்பு விதிமுறைகள் புதிய கேரவன்களில் உள்ள மெத்தை இருக்கைகளையும் உட்படுத்தியவை. உங்கள் ஊரில் விதி இருக்கிறதோ இல்லையோ, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

வெட்டுவது

பழைய ஃபோமை அளந்து புதியதை வெட்டாதீர்கள், அது சுருங்கிப் போயிருக்கும். உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தரையில் விரித்து, தையலுக்குத் தையல் அளந்து தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீளத்திலும் அகலத்திலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஃபோம் உறையை உள்ளிருந்து தள்ளினால்தான் துணி இழுத்துக் கட்டியதுபோல் நிற்கும்.

வெட்ட, இறைச்சி அரியும் மின்சாரக் கத்தி இருந்தால் வெண்ணெய் மாதிரிப் போகும். இல்லையென்றால் நீளமாக வெளியே தள்ளக்கூடிய கட்டர் பிளேடு. ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காமல், ஒரே கோட்டில் நாலைந்து முறை லேசாக இழுங்கள். அழுத்தினால் ஃபோம் அமுங்கி, வெட்டு சரிந்துவிடும்.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடியில் 2 செ.மீ. ரீபாண்டட், நடுவில் 8 செ.மீ. ஹெச்.ஆர்., மேலே 2 செ.மீ. மிருதுவான ஃபோம் என்று மூன்றையும் ஒட்டிவிட்டு, பிறகு வடிவம் வெட்டினேன். வலப்பக்க மெத்தையில் சக்கர வளைவுக்காக ஒரு மூலை வெட்டு உண்டு. இடப்பக்க மெத்தையிலும் உண்டு, ஆனால் எதிர்மூலையில். ஒரே தாளை வைத்து இரண்டையும் வெட்டிவிட்டேன். ஒரே ஃபோமாக இருந்தால் கவிழ்த்துப் போட்டுத் தப்பித்திருக்கலாம். அடுக்காக ஒட்டியதைக் கவிழ்த்தால் ரீபாண்டட் மேலே வந்துவிடுகிறது. ஆகவே தாளில் “மேல்பக்கம்”, “சுவர்ப் பக்கம்” என்று பெரிதாக எழுதி வையுங்கள். வண்டிச் சுவர் சரிவாக இருந்தால் மெத்தையின் அந்தப் பக்கமும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபோமுக்கென்றே வருகிற ஸ்ப்ரே பசை போதும். இரண்டு முகத்திலும் லேசாக அடித்து, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த வேலையை வண்டிக்குள் செய்யாதீர்கள், வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். உட்காரும் இடத்தின் நடுவில் பசையைக் கொட்டினால் காய்ந்து தகடாகி உறுத்தும். ஓரமாகவும் ஆங்காங்கே கோடாகவும் போதும்.

“ஒரு பக்கமாகச் சரிகிறது, உட்கார்ந்தால் முனகுகிறது”

இது அநேகமாகப் பலகைதான். மூடிப் பலகையில் விரிசல், கீல் கழன்றது, பலகையைத் தாங்கும் ஓரச் சட்டத்தின் ஸ்க்ரூ மரத்தைத் தின்று தளர்ந்தது, இவற்றில் ஒன்றாக இருக்கும். பலகையின் அடிப்பக்கம், நீளவாக்கில் ஒரு மரச்சட்டத்தைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். ஸ்க்ரூ சட்டமும் பலகையும் சேர்ந்த கனத்தைவிட நீளமாக இருந்தால் மேலே முளைத்து மெத்தையைக் கிழிக்கும், அதற்கு முன் உங்களையும் கிழிக்கும்.

மரப்பட்டி வகை என்றால் பட்டிகளின் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடிகளைப் பாருங்கள். பட்டி உடைவது அபூர்வம், அந்த மூடிதான் உடையும். தனியாக வாங்கி மாட்டிவிடலாம். பட்டிகளுக்கு நடுவே கைமுட்டி தாராளமாக நுழைந்தால் இடைவெளி அதிகம். ஃபோம் அந்தச் சந்துகளில் இறங்கிப் பிதுங்கும். நடுவில் கூடுதல் பட்டிகள் போட வேண்டும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் மெத்தைக்குள் ஸ்ப்ரிங் இருக்கும். ஒரு ஸ்ப்ரிங் மட்டும் குத்துகிறதென்றால் பிரித்து ஒட்டுப்போடுகிற வேலையில் இறங்காதீர்கள். முழுதாக எடுத்துவிட்டு ஃபோமுக்கு மாறுவது மேல்.

“முன்னால் வழுக்கிக்கொண்டே போகிறேன்”

வீட்டு சோபாவின் இருக்கை பின்னோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கும். கேரவன் இருக்கை படுக்கையாகவும் மாற வேண்டியிருப்பதால் தட்டையான பலகை. சரிவு இல்லாததால் உடல் மெதுவாக முன்னால் நழுவுகிறது. மேசைக்கு அடியில் பாதி உடம்பு போன பிறகுதான் கவனிப்போம்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். மெத்தையே பலகைமேல் நகர்கிறதா, மெத்தைமேல் நீங்கள் நகர்கிறீர்களா? மெத்தை நகர்ந்தால், தரைவிரிப்புக்கு அடியில் போடுகிற ரப்பர் வலை ஒரு துண்டு போதும். அதைத் தாண்டி யோசிக்காதீர்கள். நீங்கள் நகர்கிறீர்கள் என்றால், மெத்தைக்கு அடியில் முன் ஓரத்தில் ஃபோம் ஆப்பு ஒன்று வையுங்கள். முன்னால் 3 செ.மீ. உயரத்தில் தொடங்கி, பின்னால் போகப் போகச் சுழியாகிற மாதிரி. ஒட்ட வேண்டாம், ராத்திரி படுக்கை போடும்போது உருவி எடுத்துவிடலாம்.

“கால் மரத்துப் போகிறது”

மெத்தையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை வெட்டுகிறது என்று அர்த்தம். நடு ஃபோம் தளர்ந்து, விளிம்பு மட்டும் விறைப்பாக நின்றால் இப்படி ஆகும். நடுவைச் சரிசெய்தால் இதுவும் சரியாகும்.

ஃபோம் நன்றாக இருந்தும் மரத்துப் போகிறதென்றால் ஆழத்தைப் பாருங்கள். படுக்கை அகலத்துக்காக இருக்கையை 65, 70 செ.மீ. ஆழத்தில் செய்திருப்பார்கள். முதுகு சாய்ந்தால் முழங்கால் விளிம்பில் மாட்டும்; முழங்காலைச் சரியாக வைத்தால் முதுகு அந்தரத்தில் நிற்கும். குள்ளமானவர்களுக்கு இது பெரிய தொல்லை. முழங்காலின் உள்மடிப்புக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். போகவில்லையென்றால் சாய்மெத்தையைக் கனமாக்குங்கள். இருக்கை ஃபோமில் கை வைக்க வேண்டாம்.

“முதுகு பிடித்துக்கொள்கிறது”

மேலே சொன்ன அதே ஆழச் சிக்கல்தான் பாதி. மீதி, சாய்மெத்தை நட்டுவைத்த பலகை மாதிரி செங்குத்தாக இருப்பது. சாய்மெத்தையின் அடிப்பகுதியை 5 முதல் 8 செ.மீ. முன்னால் தள்ளி, பின்னால் உருளைத் திண்டு ஒன்றை நீளமாகப் படுக்க வையுங்கள். சாய்வு வந்துவிடும். கம்பளியை இறுகச் சுருட்டிக் கயிறு கட்டினாலே அந்தத் திண்டு தயார். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்து, எந்தக் கனம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு தைக்கக் கொடுங்கள்.

“குளிர்காலத்தில் கல்லாகிவிடுகிறது”

யாரோ மெமரி ஃபோம் போட்டிருக்கிறார்கள். அது உடம்புச் சூட்டில் இளகுகிற ஃபோம். வீட்டில் அறை எப்போதும் ஓரளவு கதகதப்பாக இருக்கும், அதனால் தெரியாது. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கேரவனில் காலையில் அதன்மேல் உட்கார்ந்தால் திண்ணைதான். வண்டி சூடாகும்வரை அப்படியேதான் இருக்கும். குளிர்காலத்திலும் பயணம் போகிறவர்கள் இருக்கைக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மேலடுக்கில் 2, 3 செ.மீ. மட்டும் வைத்துக்கொண்டு கீழே சாதாரண ஃபோமுக்கு மாறலாம். சாதாரண ஃபோமும் குளிரில் கொஞ்சம் விறைக்கும், ஆனால் உட்கார்ந்த சில நிமிடத்தில் வழிக்கு வந்துவிடும்.

“உட்காரச் சுகம், படுத்தால் மேடு பள்ளம்”

படுக்கை போடும்போது இரண்டு இருக்கை மெத்தைகளுக்கு நடுவே சாய்மெத்தைகளை இட்டு நிரப்புகிறோம். சாய்மெத்தை மிருதுவானது. ஆகவே நடுவில் படுப்பவர் ஓடையில் படுத்த மாதிரி இறங்குவார். அதோடு, இருக்கையின் முன்விளிம்பில் தொடைக்காகக் கொடுத்திருக்கும் உருண்ட திண்டு, படுக்கையில் முதுகுக்குக் குறுக்கே வரப்பு கட்டிவிடும்.

முதலில் காசில்லாத வழி. இருக்கை மெத்தைகளைக் கவிழ்த்துப் போடுங்கள். பெரும்பாலும் அடிப்பக்கம் தட்டையாக, சாதாரணத் துணியில் இருக்கும். உருண்ட விளிம்பு அடியில் போய்விடும். அல்லது உருண்ட விளிம்பு சுவர்ப்பக்கம் வருமாறு திருப்புங்கள். நடுவில் இறங்குவதற்கு, சாய்மெத்தைகளுக்கு அடியில் மட்டும் 2 செ.மீ. ரீபாண்டட் தகடு ஒன்று வைத்து மற்றவற்றோடு மட்டமாக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மேலே 4, 5 செ.மீ. டாப்பர் போட்டால் அது தன் வேலையைச் செய்யும். சந்துகளை மறைப்பதுதான் அதன் வேலை. பள்ளத்தை நிரப்புவது அல்ல. பள்ளத்தோடு சேர்ந்து அதுவும் வளையும். சுருட்டிக் கட்டினால் பகலில் எங்கே வைப்பது என்பதையும் வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை, மூன்று வாரம் அது குளியலறைக்குள் நின்றது.

“ஈர வாடை வருகிறது, அடியில் கரும்புள்ளி”

இதில் அவசரப்பட்டு மெத்தை மாற்றினால் புதியதும் கெடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

புள்ளிகள் மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் அது நம் உடம்பிலிருந்து வருகிற ஈரம்தான். தூங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறுகிற நீராவி மெத்தை வழியே இறங்கி, அடியில் குளிர்ந்து கிடக்கும் ப்ளைவுட்டைத் தொட்டதும் நீராகிறது. பலகைக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்றுக்கு வழியில்லை. காலையில் எழுந்ததும் மெத்தைகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து ஜன்னலைத் திறப்பதுதான் முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் பலகையில் 25 மி.மீ. ஓட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் போடலாம், அல்லது அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் வலைவிரிப்பு போடலாம். பெட்டிக்குள் தரையில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். குளிர் வருகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள். எரிவாயு கசிந்தால் வெளியேறவும் அவை இருக்கின்றன.

புள்ளிகள் ஒரு மூலையில் மட்டும், அல்லது சுவரை ஒட்டிக் கோடாக இருந்தால் அது கசிவு. ஜன்னல் ரப்பர், கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, பெட்டிக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மெத்தைக்குப் பின்னால் உள்ள சுவர்ப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது. ஈரமானி வைத்திருப்பவர்கள் அளந்து பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மெத்தைக் கவலையை ஒத்திவைத்துவிட்டு வண்டியைப் பழுதுபார்க்கிறவரிடம் காட்ட வேண்டும்.

உறையில் மட்டும் புள்ளி என்றால் துவைக்கலாம். ஃபோமுக்குள் பூஞ்சை இறங்கிவிட்டதா என்று பார்க்க, கறை இருக்கும் இடத்தில் கத்தியால் ஒரு விரல் ஆழம் கீறிப் பிரித்து மோந்து பாருங்கள். உள்ளேயும் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் காயவைப்பது, வாசனை அடிப்பது எல்லாம் அடுத்த மழைவரைக்கும்தான். முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

“உறை தொளதொளவென்று சுருங்கிக் கிடக்கிறது”

துணி பெரிதாகவில்லை, உள்ளே இருப்பது சிறிதாகிவிட்டது. ஃபோம் நன்றாக இருந்தால் அதன்மேல் புதிதாகப் பாலியஸ்டர் பஞ்சு ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும். பழைய பஞ்சு அநேகமாகப் பின்பக்கம் உருண்டு திரண்டு கிடக்கும், அதை உரித்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள பஞ்சு கேட்டு வாங்கி, மேல், முன்விளிம்பு, அடி என்று ஒரே துண்டாகச் சுற்றி, பின்பக்கம் லேசாக ஒட்டிவிடுங்கள்.

இப்போது இதை உறைக்குள் நுழைப்பதுதான் பெரிய மல்யுத்தம். ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெத்தையை முழுதாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயில் வாக்குவம் கிளீனர் குழாயை வைத்து மூடி, காற்றை உறிஞ்சுங்கள். 12 செ.மீ. மெத்தை கண்முன்னாலேயே அப்பளமாகச் சப்பையாகும். அப்படியே உறைக்குள் தள்ளி, மூலைக்கு மூலை பொருத்திவிட்டுக் குழாயை எடுத்தால் தானாக உப்பி நிறைந்துகொள்ளும். பிறகு பிளாஸ்டிக்கைக் கிழித்து ஜிப் வழியாக உருவிவிடுங்கள். உள்ளேயே விட்டால் உட்காரும்போதெல்லாம் சரசரக்கும், ஈரமும் தங்கும்.

துவைப்பதற்கு முன் உறையின் உள்பக்கம் பாருங்கள். துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டியிருந்தால் இயந்திரத்தில் போடாதீர்கள். அது பிரிந்து துகளாகி, துணியும் சுருங்கி, பிறகு எந்தச் சூட்சுமமும் உதவாது. லேபிளில் உலர்சலவை என்று இருந்தால் அதன்படியே கொடுங்கள்.

ஜிப் மட்டும் போயிருந்தால் உறையை மாற்ற வேண்டியதில்லை. பல்லைத் தொடாமல் இழுவையை மட்டும் மாற்றித் தருவார்கள். பல்லே போயிருந்தால் அந்தப் பக்கத்துக்கு வெல்க்ரோ தைத்துவிடலாம். அது சுவர்ப்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

“ஜிப்பைத் திறந்தால் மஞ்சள் தூள் கொட்டுகிறது”

ஃபோம் மஞ்சளானால் மட்டும் பயப்பட வேண்டாம். வெயிலும் காற்றும் பட்டால் நிறம் மாறும், உட்காருவதற்கு அதனால் கெடுதல் இல்லை. விரலால் தேய்த்தால் தூளாக உதிர்கிறதா என்பதுதான் கேள்வி. உதிர்ந்தால் அந்த ஃபோமின் ஆயுள் முடிந்துவிட்டது. பஞ்சு சுற்றி ஒப்பேற்ற முடியாது. ஜன்னலை ஒட்டிய சாய்மெத்தைகளின் மேல் ஓரம்தான் முதலில் இப்படி ஆகும். அந்த ஓரத்தில் நான்கு விரல் அகலம் மட்டும்தான் போயிருக்கிறது என்றால், நேராக அறுத்து எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் துண்டு ஒன்றை ஒட்டிப் பஞ்சு சுற்றிவிடுங்கள். எங்கள் வண்டியில் இரண்டு சாய்மெத்தைகளின் தலைப்பக்கம் இப்படி ஒட்டுப்போட்டதுதான். கையால் தடவிப் பார்த்தால் இணைப்பு தெரியும், சாய்ந்தால் தெரியாது.